பாட்டிமேல் யாருக்குச் சந்தேகம் வரும்? – முதியவர்கள் நடத்தும் குற்றச் சிறுகதைகள்



நம் மாணவர்கள் எழுதும் சிறுகதைகளில் வரும் முதியவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். முதியோர் இல்லத்து வாசலில் மகன் வருவானா என்று பார்த்துக்கொண்டிருக்கும் அம்மா. பழைய சாய்வு நாற்காலியில் இருமிக்கொண்டு கிடக்கும் தாத்தா. கடைசிப் பத்தியில் இறந்துபோய், அதுவரை கெட்டவனாக இருந்த பேரனை ஒரே வரியில் திருத்திவிடும் பாட்டி. தாளைத் திருத்தும் நமக்கும் இது பழகிப்போயிற்று. ‘படிப்பினை: பெரியோரை மதிக்க வேண்டும்’ என்ற வரி கண்ணில் பட்டதும் மதிப்பெண்ணைப் போட்டுவிட்டு அடுத்த தாளை எடுக்கிறோம். இந்தக் கதைகளில் முதியவர் எதையுமே செய்வதில்லை என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? எல்லாம் அவருக்கு நடக்கிறது, அவ்வளவுதான்.

இந்த நோய்க்கு நான் வகுப்பில் கொடுத்துப் பார்த்த மருந்து கொஞ்சம் விசித்திரமானது. குற்றக் கதைகள். முதியவரே துப்பறியும், முதியவரே குற்றம் செய்யும் சிறுகதைகள். ஆங்கிலத்தில் இதற்கு நல்ல வளம் உண்டு. அவற்றை நம் தமிழ் வகுப்பின் சொற்களைக்கொண்டே (பாத்திரப்படைப்பு, நோக்குநிலை, உத்தி) அலசிப் பார்க்கலாம். ஒரு எச்சரிக்கை: முடிவைச் சொல்லாமல் இந்த வகைக் கதையை விமர்சிக்க முடியாது. முதலில் கதையைப் படிக்க விரும்புகிறவர்கள் இங்கேயே நிறுத்திவிட்டுப் போய்ப் படித்துவிட்டு வாருங்கள். கட்டுரை எங்கும் ஓடிப்போகாது.

அகதா கிறிஸ்டியின் மிஸ் மார்ப்பிள் முதன்முதலாக வந்த கதை ‘தி டியூஸ்டே நைட் கிளப்’. 1927ஆம் ஆண்டு டிசம்பரில் ஓர் இதழில் வெளிவந்தது. 1932இல் ‘தி தர்ட்டீன் பிராப்ளம்ஸ்’ தொகுப்பின் முதல் கதையாயிற்று. செயின்ட் மேரி மீட் என்னும் கிராமத்தில், மிஸ் மார்ப்பிளின் சொந்த வீட்டுக் கூடத்தில், ஒரு மாலை நேரம். எழுத்தாளரான மருமகன், ஓர் ஓவியப் பெண், ஸ்காட்லாந்து யார்டின் முன்னாள் தலைவர், ஒரு பாதிரியார், ஒரு வழக்கறிஞர். வாரம் ஒருவர் ஒரு மர்மத்தைச் சொல்ல, மற்றவர்கள் விடை காண வேண்டும் என்று பேசி முடிவெடுக்கிறார்கள். எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கிறார்கள். ஐந்து. பின்னல் ஊசியும் கையுமாக அங்கேயே உட்கார்ந்திருக்கும் வீட்டுக்காரப் பெண்மணியை யாரும் எண்ணவில்லை. ‘என்னை விட்டுவிட்டீர்களே’ என்ற பொருளில் அவரே சிரித்தபடி நினைவூட்டுகிறார்.

இந்த ஓர் இடத்துக்காகவே நான் கதையை வகுப்பில் படிக்கக் கொடுப்பேன். யார் வீட்டில் உட்கார்ந்துகொண்டு யாரை எண்ணாமல் விட்டார்கள், பாருங்கள்! ஒரு தொடரின் நாயகியை அறிமுகப்படுத்தும் இடத்தில், அவரை எண்ணிக்கையிலிருந்து தவறவிட்டே அறிமுகப்படுத்துகிறார் ஆசிரியர். நாமும் தவறவிட்டிருப்போம். கறுப்பு உடை, சரிகைக் குல்லா, மடியில் வெள்ளைக் கம்பளி நூல் என்று வருணனையில் வந்த ஒருவரை நாம் வீட்டுச் சாமான்களோடு சேர்த்துத்தான் வைத்திருந்தோம்.

மர்மம் இதுதான். ஒரு வீட்டில் மூன்று பேர் ஒன்றாக இரவு உணவு சாப்பிடுகிறார்கள். மனைவி மட்டும் ஆர்சனிக் நஞ்சால் இறக்கிறார். கணவர் எழுதிய கடிதத்தின் மை ஒற்றிய தாளில் சில சொற்கள் கிடைக்கின்றன. மனைவி இறந்தபின் என்று ஒரு பேச்சு, கூடவே ‘ஹண்ட்ரட்ஸ் அண்ட் தௌசண்ட்ஸ்’ என்ற சொற்கள். நூறுகளும் ஆயிரங்களும் என்றால் பணம்தானே? படித்தவர்கள் எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். மிஸ் மார்ப்பிளுக்கு அது அடுப்படிச் சொல். இங்கிலாந்தில் இனிப்புப் பண்டங்களின் மேல் தூவும் வண்ண வண்ணச் சர்க்கரை மணிகளுக்கு அதுதான் பெயர். நஞ்சு அன்றைய இனிப்பின் மேல் தூவப்பட்டிருந்தது. வீட்டுத் தோழி உடம்பைக் குறைக்க இனிப்பைத் தொடவில்லை; கணவர் தன் பங்கிலிருந்து மணிகளை ஒதுக்கிவிட்டார்.

சட்டமும் காவல்துறையும் இலக்கியமும் படித்தவர்கள் தோற்ற இடத்தில், எத்தனையோ ஆண்டுகள் சமையலறையை அறிந்த ஒருவர் வெல்கிறார். வயது இங்கே அலங்காரம் இல்லை. வயதை எடுத்துவிட்டால் விடையே கிடைக்காது.

நான் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் சோதனையும் இதுதான். கதையில் வரும் முதியவருக்கு முப்பது வயது என்று மாற்றிப் பாருங்கள். கதை அப்படியே நடந்தால், ஆசிரியர் நரைமுடியை ஒப்பனைக்காக வைத்திருக்கிறார் என்று பொருள். பாரனஸ் ஆர்க்ஸி 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய ‘தி ஓல்ட் மேன் இன் தி கார்னர்’ கதைகள் இந்தச் சோதனையில் எனக்குத் தோற்றுப்போகின்றன. தேநீர்க்கடையின் ஒரு மூலையில் உட்கார்ந்து, கயிற்றில் முடிச்சுப் போட்டும் அவிழ்த்தும், ஓர் இளம் பெண் நிருபரிடம் வழக்குகளை அலசுகிறார் அந்தக் கிழவர். சுவாரஸ்யமான மனிதர்தான், போலீசைவிடக் குற்றவாளியைத்தான் அவருக்குப் பிடிக்கும். ஆனால் தலைப்பிலிருக்கும் முதுமை கதைக்குள் எந்த வேலையும் செய்வதில்லை.

கிறிஸ்டியும் எப்போதும் தேறுவார் என்று சொல்லமாட்டேன். அந்தப் பதின்மூன்று கதைகளையும் ஒரே மூச்சில் படித்தால் சலிக்கும். எல்லாரும் தவறாக ஊகிப்பார்கள், மிஸ் மார்ப்பிளுக்குக் கிராமத்தில் நடந்த ஏதோ ஒன்று நினைவுக்கு வரும், விடை வந்துவிடும். இருந்தாலும் ஆறாவது கதையை விட்டுவிடாதீர்கள். ‘தி தம்ப் மார்க் ஆஃப் செயின்ட் பீட்டர்’ என்ற அந்தக் கதையில் மிஸ் மார்ப்பிளே மர்மத்தைச் சொல்கிறார். அவருடைய உறவுப் பெண்ணின் கணவர் இறந்துபோக, ஊரே அந்தப் பெண்மேல் பழி போடுகிறது. உண்மையில் கொன்றவர் இறந்தவரின் வயதான தந்தை. மனம் தடுமாறி, அந்த வீட்டிலேயே வைத்துப் பராமரிக்கப்பட்டவர். தன்னை மனநோயாளர் விடுதிக்கு அனுப்பப் பேசிக்கொள்கிறார்கள் என்பது காதில் விழுந்ததும், தன் கண் சொட்டு மருந்தை மகனின் தண்ணீரில் கலந்துவிடுகிறார்.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். வீட்டைவிட்டு எங்கோ அனுப்பிவிடுவார்களோ என்ற பயம். நம் மாணவர்கள் ஆண்டுதோறும் கண்ணீரோடு எழுதும் அதே முதியோர் இல்லக் கதைதான் இது! நம் கதையில் அந்தத் தாத்தா பெட்டியைத் தூக்கிக்கொண்டு தலைகுனிந்து போவார். இந்தத் தாத்தா போக மறுக்கிறார். அவர் செய்தது கொடுமை. ஆனால் அவருக்குள் ஒரு முழு மனிதர் இருக்கிறார் என்பதை நாம் அந்தக் கொடுமையில்தான் பார்க்கிறோம். வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு மாணவி, “டீச்சர், அப்படின்னா நாம எழுதுற தாத்தாவுக்குக் கோபமே வராதா?” என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

அடுத்து ஷர்லி ஜாக்சன். 1965 ஆகஸ்டில் அவர் இறந்தார். அந்த டிசம்பரில் வெளிவந்தது ‘தி பாசிபிலிட்டி ஆஃப் ஈவில்’. எட்கர் விருது பெற்ற கதை. நோக்குநிலை பற்றிய கேள்விக்குத் தயார் செய்கிறவர்கள் இதைவிட நல்ல பாடம் தேட வேண்டாம்.

மிஸ் ஸ்ட்ரேஞ்ச்வொர்த்துக்கு 71 வயது. பாட்டன் காலத்து வீடு, வாசலில் ஊரே மெச்சும் ரோஜாச் செடிகள். காலையில் கடைக்குப் போகிறார். மளிகைக்காரர் ஏதோ கவலையில் இருக்கிறார். ஒரு பெண்மணிக்குக் கை நடுங்குகிறது. வேறொரு வீட்டில் கைக்குழந்தையைப் பற்றிப் பெற்றோருக்குக் கலக்கம். கதை படர்க்கையில் சொல்லப்பட்டாலும் நாம் மிஸ் ஸ்ட்ரேஞ்ச்வொர்த்தின் கண்ணால்தான் பார்க்கிறோம். அதனால் ‘பாவம், ஊர்க்காரர்களுக்கு என்ன ஆயிற்று?’ என்று நாமும் அவரோடு சேர்ந்து அக்கறைப்படுகிறோம். வீட்டுக்குத் திரும்பியதும் அவர் வண்ணத் தாளை எடுத்து, பென்சிலால் பெரிய எழுத்துகளில் பெயரில்லாக் கடிதங்கள் எழுதத் தொடங்குகிறார். ஊரின் நடுக்கத்துக்குக் காரணமே இந்தக் கடிதங்கள்தான். அவருக்கோ அது குற்றம் இல்லை, கடமை. ஊரில் தீமை நுழைந்துவிடாமல் காவல் காக்கிறாராம்.

மாட்டிக்கொள்ளும் விதம்தான் இந்தக் கதையில் எனக்கு மிகப் பிடித்தது. அந்தி நேரத்தில் அஞ்சலில் போடும்போது ஒரு கடிதம் தவறி வெளியே விழுகிறது. அதை எடுப்பவன், அவருடைய இன்னொரு கடிதத்தால் தன் தோழியிடமிருந்து பிரிக்கப்பட்ட பையன். அவன் துப்பறியவில்லை, பழிவாங்கவும் இல்லை. நல்ல செய்தியாக இருக்கலாம் என்று நினைத்து, உதவியாக இருக்கட்டுமே என்று உரியவர் வீட்டிலேயே கொண்டுபோய்க் கொடுக்கிறான். மறுநாள் காலை மிஸ் ஸ்ட்ரேஞ்ச்வொர்த்துக்கும் அவருடைய கடிதங்களைப் போலவே ஒரு கடிதம் வருகிறது. ரோஜாக்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை நீங்களே படித்துக்கொள்ளுங்கள்.

ரோல்ட் டாலின் ‘தி வே அப் டு ஹெவன்’ 1954இல் வந்தது. இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சொல்லாமல் விடுவதில்தான் இந்தக் கதையின் பலம் இருக்கிறது. திருமதி ஃபாஸ்டருக்கு நேரம் தவறிவிடுமோ என்ற பயம் ஒரு நோய் மாதிரி. ஏறக்குறைய எழுபது வயதான கணவர் வேண்டுமென்றே தாமதப்படுத்துகிறாரோ என்று நமக்குத் தோன்றும். உறுதியாகச் சொல்ல முடியாது. பாரிசில் இருக்கும் பேரப்பிள்ளைகளைப் பார்க்கப் புறப்படும் நாளில், மறந்துபோன பரிசுப் பெட்டியை எடுக்க அவர் வீட்டுக்குள் போகிறார். காரின் இருக்கை இடுக்கில் யாரோ அழுத்திச் செருகியதுபோல் அந்தப் பெட்டி கிடப்பதை அம்மையார் பார்க்கிறார். கூப்பிட ஓடுகிறார். கதவில் சாவியை நுழைத்தவர் அப்படியே நின்று உற்றுக் கேட்கிறார். பிறகு திரும்பி வந்து, விமான நிலையத்துக்கு ஓட்டச் சொல்கிறார். வேலைக்காரர்களுக்கெல்லாம் விடுமுறை. வீட்டில் வேறு யாரும் இல்லை. ஆறு வாரம் கழித்து வந்து, மின்தூக்கி பழுதுபார்க்கும் நிறுவனத்துக்குத் தொலைபேசியில் பேசுகிறார். ‘கொலை’ என்ற சொல் கதையில் தேவைப்படவே இல்லை. பாரிசிலிருந்து வாரம் தவறாமல் கணவருக்குக் கடிதமும் எழுதியிருக்கிறார், அதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

இந்த மூன்று ஆசிரியர்களுக்கும் இல்லாத ஒரு வசதி தமிழில் எழுதும் நமக்கு உண்டு. ஆங்கிலத்தில் மிஸ் ஸ்ட்ரேஞ்ச்வொர்த் தொடக்கம் முதல் முடிவு வரை ‘ஷி’தான். தமிழில் எழுதினால் அவரை என்னவென்று சொல்வோம்? ‘பாட்டி’ என்று எழுதிய அந்தக் கணமே வாசகர் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிடுவார். சந்தேகம் எட்டிப் பார்க்காது. நம் உறவுச் சொல்லே ஒரு மறைவிடம். ‘அவர்’ என்ற மரியாதையும் அப்படித்தான். திருடனை ‘அவன்’ என்போம், எழுபது வயதுப் பெண்மணியை ‘அவர்’ என்போம். அந்தப் பெண்மணியே குற்றவாளி என்றால்? ‘அவர் நஞ்சு கலந்தார்’ என்று எழுதும்போது உங்கள் பேனா ஒரு நொடி தயங்கும். இந்தக் கட்டுரையில் மிஸ் ஸ்ட்ரேஞ்ச்வொர்த்தை இதுவரை ‘அவர்’ என்றே எழுதி வந்திருக்கிறேன். நீங்கள் எங்கேயாவது ‘அவள்’ என்று படிக்க விரும்பினீர்களா? எந்த வரியில்?

உத்தி என்று பதில் எழுதும்போது ‘பின்னோக்கு’, ‘திருப்பம்’ என்று மனப்பாடம் செய்த சொற்களோடு நின்றுவிடாமல், இப்படி ஒரு விகுதி எங்கே மாறுகிறது என்பதையும் மாணவர்கள் கவனிக்கலாம். எழுதும்போதும் பயன்படுத்தலாம். ஆனால் சொந்தக் கதையில் அந்த மாற்றத்தை ஒரே ஓர் இடத்தில் வையுங்கள். இரண்டு இடத்தில் வந்தால் திருத்துபவர் கவனக்குறைவு என்றுதான் எடுத்துக்கொள்வார்.

என் வகுப்பில் ஒரு மாணவன் முயன்று பார்த்தான். பக்கத்து வீட்டுப் பாட்டி, தினமும் எல்லாருக்கும் பலகாரம் கொடுத்து அனுப்புவார். மூன்று பக்கம் முழுக்கப் பாட்டி, பாட்டி, அவர், அவர். கடைசி வரியில் மட்டும் ‘அவள் பாத்திரத்தைக் கழுவினாள்’ என்று எழுதியிருந்தான். தாள்களை மாற்றிக்கொண்டு திருத்தச் சொன்னேன். பக்கத்து இருக்கை மாணவி ‘அவள்’ என்ற சொல்லைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, ‘மரியாதைப் பிழை’ என்று குறித்துவிட்டாள். பிறகு ஏதோ தோன்றியிருக்க வேண்டும். தாளைத் திருப்பி முதல் பக்கத்திலிருந்து மறுபடி படிக்கத் தொடங்கினாள்.