பிறைக்கோட்டுக்குள் ஒரு சங்கம்

பாலவாக்கத்திலிருந்து வடக்கே, திருவான்மியூரைத் தாண்டினால் அடையாறு. அங்குள்ள புற்றுநோய் மருத்துவமனையின் முழுப்பெயரில், பிறைக்கோட்டுக்குள் மூன்று ஆங்கில எழுத்துகள் உண்டு: டபிள்யூ.ஐ.ஏ. அவை எதனைக் குறிக்கின்றன என்று நம்மில் எத்தனை பேர் கேட்டோம்? 1917-இல் அதே அடையாற்றில் பிறந்த இந்திய மாதர் சங்கத்தை! அச்சங்கத்தின் புற்றுநோய் நிவாரண நிதியே 1954-இல் அந்த மருத்துவமனையைத் திறந்தது.

டாக்டர் முத்துலட்சுமி அம்மையாரைப் பற்றி வெளிவரும் வரலாற்றுக் கட்டுரைகளைப் புரட்டுங்கள். கருணைக்கடல் என்பர், தியாகச்சுடர் என்பர், முதல், முதல் என்று பட்டியலிடுவர். சங்கமோ, அங்கும் பிறைக்கோட்டுக்குள்தான்! கோயிலில் தெய்வத்தை அமர்த்துவதுபோல் ஒருவரை மேடையில் அமர்த்திவிட்டு, அவரை ஏற்றிவிட்ட ஏணியை மறைக்கும் எழுத்து இது. வணங்கச் சொல்கிறது, வழி சொல்லவில்லை.

அம்மையார் 1930-இல் ஆங்கிலத்தில் எழுதிய ‘சட்டமன்ற உறுப்பினராக என் அனுபவம்’ என்னும் நூலோ வேறு வகை. தேவதாசி முறை ஒழிப்பு, குழந்தை மணத் தடுப்பு, பெண்கள் குழந்தைகளுக்கான மருத்துவ வசதி என்று மன்றத்தில் வாதாடிய வேலையைப் பேசும் நூல் அது. அலுவலறிக்கை போலச் சில பக்கங்கள் வறண்டிருப்பது உண்மை. ஆயினும் அவ்வறட்சியை நாம் விரும்புகிறோம். கண்ணீரைக் காட்டிலும் தீர்மானங்கள் பயனுடையவை அல்லவா? புதுக்கோட்டைக் கல்லூரியில் பெண் என்பதால் தடுக்கப்பார்த்த அந்தத் தேவதாசி குலத்தாயின் மகள், 1912-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். 1927-இல் சென்னைச் சட்டமன்றத்தின் துணைத்தலைவரானார். திறமை அவருடையது, அத்திறமைக்கு மன்றத்தில் ஓர் இடம் வேண்டுமென வாதாடிய குரலோ மாதர் சங்கத்தினுடையது.

அதற்காகச் சங்கத்துக்குச் சாமரம் வீச வந்தோமில்லை. அன்னிபெசன்ட் அம்மையார் தலைமையில், பிரம்மஞான சபையின் நிழலில் வளர்ந்தது அது. அந்த அம்மையாரோடு நீதிக்கட்சியார் மோதிய கதை தோழர்களுக்குப் புதிதன்று. 1907-இல் தோன்றிய இந்தியப் பெண் மருத்துவர் சங்கமும் அப்படித்தான். அதன் முயற்சியின் பயனாக 1914-இல் பெண்களுக்கான மருத்துவப் பணித்துறை வந்தது. மேற்பதவிகளில் அமர்ந்தவரோ பெரும்பாலும் வெள்ளை மாதர்! பெண்ணுக்கென்று கதவு திறந்தால் போதுமா? எந்தப் பெண்ணுக்கு என்ற கேள்வி எஞ்சுகிறது.

இக்கேள்வியைத்தான் இன்றைய ‘மகளிர் தலைமை’ மாநாட்டு உரைகள் தொடுவதில்லை. உலக மருத்துவத்துறை ஊழியருள் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் பெண்கள், உயர்பதவிகளிலோ 25 விழுக்காட்டினரே என்று 2019-இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. அந்த 25-ஐ உயர்த்த மேடைகள் உண்டு, விருதுகளும் உண்டு. வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் எழுபதில் பெரும்பகுதி யார்? செவிலியர், தாதியர், கிராமத்துச் சுகாதாரப் பெண்கள்!

2017 நவம்பரில் தேனாம்பேட்டை மருத்துவ இயக்குநரக வளாகத்தில் நடந்ததை எண்ணிப் பாருங்கள். தேர்வெழுதி 2015-இல் ஒப்பந்த முறையில் சேர்ந்த செவிலியர், மாதம் 7,700 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் உழன்றவர், பணிநிரந்தரம் கேட்டுத் தரையில் அமர்ந்தனர். அப்பெண்களை அங்கே திரட்டியதும் சங்கம்தான். பேச்சாளர் பட்டியலில் இடம்பெறாத தலைமை அது. உயர்நீதிமன்றம் போராட்டத்தைக் கைவிடச் சொல்லும்வரை எழவில்லை அவர்கள். அம்மையாரின் பெயரால் அரசு நடத்தும் மகப்பேறு உதவித் திட்டத்தைக் கருவுற்ற தாய்மாரிடம் கொண்டுசேர்ப்பவரும் இத்தகைய பெண்களே. அம்மையாரின் வரலாற்றை அடுத்து எழுதப் புகும் தோழர், மாலைகளை எண்ணுவதற்குமுன் தேனாம்பேட்டைக்கு ஒருநடை போய்வரட்டும்.