புல்தரைக்கு முன்னால் என்ன இருந்தது?

பழமையான ஓர் இடத்தை அழகுபடுத்த நிதி ஒதுக்கிவிட்டால் அடுத்து என்ன வரும் என்று நம் பக்கத்தில் யாரும் சொல்லிவிடுவார்கள்: கம்பி வேலி, பேவர் பிளாக் நடைபாதை, கொரியன் புல், ஓரத்தில் குரோட்டன்ஸ், நடுவில் ஹைமாஸ் விளக்கு. செஞ்சிக் கோட்டையில் கல்யாண மகாலைச் சுற்றிப் புல் விரித்தாயிற்று. பழைய குன்றுக்கோயில் உள்ள பனமலையின் அடிவாரத்துக்கும் இது ஒருநாள் வரலாம். வருவதற்கு முன்பே இந்தப் பழக்கத்தை எடைபோட்டுவிடுவது நல்லது.

முதலில் இதன் நியாயத்தைச் சொல்ல வேண்டும். சின்னத்தின் எல்லை காகிதத்தில் மட்டும் இருந்தால் ஐந்து வருடத்தில் அங்கே மாட்டுக்கொட்டகை வரும், பத்து வருடத்தில் மாடிவீடு வரும். மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ள சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை கட்டுமானத்துக்குத் தடை, அதற்கப்பால் 200 மீட்டருக்குக் கட்டுப்பாடு என்று 2010 சட்டத் திருத்தம் சொல்கிறது. அந்த எல்லை எங்கே என்பதைக் கண்ணுக்குக் காட்டுவது தோட்டம்தான். காலையில் தண்ணீர் பாய்ச்ச வரும் தோட்டக்காரர் எந்தக் காவலரையும்விட நல்ல காவல். தளவரிசை இடுக்கில் முளைத்த அரசங்கன்றை முதலில் பார்த்துப் பிடுங்குபவர் அவர். குழந்தைகளோடு மாலையில் உட்கார இடமில்லாத சிறுநகரங்களில் ஒரு பச்சைத் திடல் கிடைப்பதும் சின்ன விஷயமல்ல.

ஆனால் புல்தரை, தான் வருவதற்கு முன் அங்கே என்ன இருந்தது என்பதை அழித்துவிடுகிறது. தாஜ்மகாலையே எடுத்துக்கொள்ளுங்கள். அடர்ந்த மரத்தோட்டமாக இருந்த இடம், வைஸ்ராய் கர்சன் காலத்தில் ஆங்கிலேயப் புல்வெளியானது. அதுதான் மொகலாயத் தோட்டம் என்று இன்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். டெல்லி லோதி தோட்டம் 1936-இல் திறக்கப்படுவதற்காக, கல்லறைகளைச் சுற்றி வாழ்ந்த கிராமத்தார் வெளியேற்றப்பட்டார்கள். கல்லுக்குக் கிடைத்த மரியாதை ஊருக்குக் கிடைக்கவில்லை.

வேறு விதமாகவும் செய்யலாம் என்பதற்கு உமாயூன் கல்லறைத் தோட்டம் சாட்சி. அங்கே சதுரத் தொட்டிகள் இருந்த இடத்தில் ஆங்கிலேயர் வட்டப் பூப்பாத்தி போட்டிருந்தார்கள். ஆகா கான் அறக்கட்டளையும் தொல்லியல் துறையும் சேர்ந்து 2003-இல் முடித்த பணியில் பழைய வாய்க்கால்களில் மறுபடி தண்ணீர் ஓடியது. 40 மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர்தான் சரிவு. அந்த நுட்பத்தைக் கல்தச்சர்கள் கையால் மீட்டெடுத்தார்கள். ஆனாலும் எனக்கு ஒரு குறை உண்டு: மொகலாயர் காலத்தை மீட்ட வடிவமைப்பில், பிரிவினையின்போது அதே மண்ணில் அகதிகள் தங்கியிருந்த காலத்துக்கு இடமில்லை. பக்கத்திலேயே 2018-இல் திறந்த சுந்தர் நர்சரி இந்த விஷயத்தில் மேல். மொகலாயக் கட்டடங்களையும், புதுடெல்லிச் சாலைகளுக்காக ஆங்கிலேயர் பரிசோதித்து வளர்த்த மரங்களையும் சேர்த்தே காப்பாற்றியது.

எல்லாக் காலங்களையும் சேர்த்துக் காப்பது செஞ்சிக்கு இப்போது அவசரப் பாடம். 2025 ஜூலையில் மராட்டியப் படைத்தள நிலப்பரப்புகளில் ஒன்றாக யுனெஸ்கோ பட்டியலில் அது இடம்பெற்றிருக்கிறது. பெருமைதான். ஆனால் நாயக்கர், பிஜாப்பூர், மராட்டியர், மொகலாயர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று கைமாறிய கோட்டை அது. புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கருங்கல் தூண்கள் செஞ்சியிலிருந்து கொண்டுபோனவை. அவை இல்லாத வெறுமையும் செஞ்சியின் வரலாறுதான். இனி வரும் பலகையும் பாதையும் ஒரு காலத்தை மட்டும் பேசினால் மற்ற காலங்கள் புல்லுக்கு அடியில் போய்விடும்.

பனமலையில் நிலைமை இன்னும் நுட்பமானது. காஞ்சி கைலாசநாதர் கோயிலைக் கட்டிய பல்லவ மன்னன் இராஜசிம்மன் எழுப்பிய தாளகிரீஸ்வரர் கோயில் குன்றின் மேல் நிற்கிறது; கீழே பெரிய ஏரி. உள்ளே ஒரு சிற்றாலயச் சுவரில் ஓவியமாக உமை: குடையின் கீழ், மகுடத்தோடு, ஒரு காலை மடித்துச் சாய்ந்து, சிவனின் ஆட்டத்தைப் பார்த்தபடி நிற்கிறாள். ஆடும் சிவன் பெரிதும் மங்கிவிட்டார், பார்ப்பவள்தான் எஞ்சியிருக்கிறாள். சுண்ணாம்புப் பூச்சின் மேல் நிற்கும் அந்தச் சாயத்துக்கு ஈரமும் உப்பும் எமன். கோயிலை ஒட்டிப் புல் வளர்த்துத் தினமும் தெளிப்பான் ஓடவிட்டால் சுவர் எப்போது உலரும்? மேலே ஒரு சதுர அடி புல்கூடக் கூடாது என்பேன்.

கீழே செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. பாறையில் விழும் மழை ஏரிக்கு இறங்கும் தடங்களை முதலில் வரைபடத்தில் குறிக்க வேண்டும். பேவர் பிளாக் அவற்றின் குறுக்கே வரக் கூடாது. நிழலுக்குப் புங்கனும் வேம்பும் போதும், கரையில் பனை. பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டில் சொன்ன அரசே, பூங்கா என்றதும் அலங்காரப் பனையை வாங்கி நடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. வேலி தேவைதான். ஆனால் அதன் எல்லைக்கோட்டை முடிவு செய்வதற்கு முன், ஆடுமாடு ஓட்டிப் போகிறவர்களும் ஏரிப் பாசன விவசாயிகளும் எந்த வழியாக நடக்கிறார்கள் என்று ஒரு முழு ஆண்டு, கோடையும் மழையும், பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒப்பந்தப்புள்ளி அதற்குப் பிறகு போகட்டும்.