கேட்டலும் கீழ்ப்படிதலும்

இறைவன் மாந்தரிடம் வேண்டுவன யாவை எனக் கிறித்தவத் திருமறையை நோக்கி வினவின், பணிவும் பற்றுறுதியும் என்னும் இரண்டே தலைமையாக நிற்கும். இவற்றைத் தமிழ்த் திருப்புதல் கீழ்ப்படிதல், விசுவாசம் என்னும் சொற்களால் வழங்குகின்றது. ஹென்றி பவர் தலைமையில் உருவாகி 1871-இல் வெளிவந்த திருப்புதலை அடிப்படையாகக் கொண்டு, இச்சொற்கள் மூலத்தின் பொருளை எவ்வளவு தாங்குகின்றன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பழைய ஏற்பாட்டின் எபிரேய மொழியில் கீழ்ப்படிதலுக்கெனத் தனிவினை பெரும்பாலும் ஆளப்படுவதில்லை. 'ஷமா' என்னும் வினையே அப்பொருளைத் தருகின்றது. அதன் முதற்பொருள் கேட்டல் என்பது. உபாகமம் 6-ஆம் அதிகாரத்தில் இசுரவேல் மக்களைக் கேட்குமாறு விளிக்கும் புகழ்பெற்ற தொடரின் வினையும், ஆதியாகமம் 22-இல் ஆபிரகாம் இறைவன் சொல்லுக்கு இணங்கியதைப் பாராட்டும் இடத்து வினையும் ஒன்றே. ஆயின், முன்னதைக் கேட்டல் எனவும் பின்னதைக் கீழ்ப்படிதல் எனவும் திருப்புதல் பிரித்துரைக்கின்றது.

இப்பிரிவு தமிழின் வறுமையால் நேர்ந்ததன்று. தமிழிலும் 'கேள்' என்னும் வினை செவிமடுத்தலையும் இணங்கி நடத்தலையும் ஒருங்கே உணர்த்தும். பெற்றோர் சொற்கேட்கும் பிள்ளை என்னும் வழக்கில் செவிப்புலன் மட்டுமா குறிக்கப்படுகிறது? மேலும், வினவுதலும் கேட்டலே. திருக்குறளில் 'கேள்வி' ஓர் அதிகாரத்தின் பெயராக நிற்பதும் இச்சொல்லின் பெருமைக்குச் சான்றாகும். ஆதியாகமம் 18-இல் சோதோமின் பொருட்டு இறைவனிடம் மீண்டும் மீண்டும் வினவிய ஆபிரகாமே, 22-இல் வாய் திறவாது மோரியா நோக்கி நடக்கின்றான். வினவுதலும் இணங்குதலும் ஒருவனிடத்தே முரணின்றி நிற்பதைக் 'கேட்டல்' என்னும் ஒரு சொல் காட்டவல்லது, 'கீழ்ப்படிதல்' காட்டாது.

புதிய ஏற்பாட்டில் இச்சிக்கல் மேலும் வளர்கின்றது. பிலிப்பியர் 2-இல் கிறித்துவின் பணிவைக் குறிக்கும் கிரேக்கச் சொல் கேட்டலை அடியாகக் கொண்டது. ரோமர் 13-இல் ஆளும் அதிகாரங்களுக்கு அடங்குதலைக் குறிக்கும் சொல்லோ, ஒன்றன்கீழ் வரிசைப்படுத்தப்படுதல் என்னும் பொருளது. அடியால் வேறுபட்ட இவ்விரண்டும் தமிழில் கீழ்ப்படிதல் என்றே வந்துள்ளன. ஆகவே, சிலுவை வரை சென்ற அன்பின் இசைவும் அரசாணைக்கு அடங்கும் குடிமையும் ஒன்றே என்னும் மயக்கம் தமிழ் படிப்போர்க்கு எளிதில் நேர்கின்றது.

முதலிற் கூறிய கிரேக்கச் சொல்லிலும் 'கீழ்' என்னும் பொருள் தரும் முன்னொட்டு உண்டே எனச் சிலர் மறுக்கலாம். அம்மறுப்பு ஏற்கத்தக்கதே. திருப்புதலாசிரியர் பொருந்தாச் சொல்லைப் புனைந்தாரல்லர். கூட்டுச்சொல்லின் முற்பாதியைப் பேணிப் பிற்பாதியாகிய செவியை விட்டனர் என்பதே நம் கருத்து. அவர்கள் செவியை அறவே மறந்தவரும் அல்லர். அப்போஸ்தலர் 4-இல் ஆலோசனைச் சங்கத்தாரை எதிர்த்துப் பேதுருவும் யோவானும் கூறும் விடையில் 'செவிகொடுத்தல்' என்றே ஆண்டுள்ளனர். மனிதர் ஆணையினும் இறைவன் குரலே பெரிதெனத் துணியும் அவ்விடத்தில் அச்சொல் எத்துணைப் பொருத்தமாக நிற்கின்றது!

விசுவாசம் என்னும் சொல்லின் நிலை வேறு. ஆபகூக் 2-இல் வரும் 'எமுனா' என்னும் எபிரேயச் சொல் அசையா உறுதியைக் குறிப்பது. யாத்திராகமம் 17-இல் தளராது நின்ற மோசேயின் கைகளுக்கும் அச்சொல்லே வருகின்றது. வடமொழியில் நம்பிக்கை என்னும் பொருளதாகிய விசுவாசம், தமிழ் வழக்கில் நன்றி மாறாப் பற்றினையும் உணர்த்துகின்றது. நம்புதலையும் நம்பத்தக்கவனாய் நிற்றலையும் ஒரு சொல்லில் அடக்கும் இப்பேறு மூலத்திற்கு மிக அணித்தாகும்.

இவ்வாராய்ச்சி ஏட்டளவில் நிற்பதன்று. திருவள்ளூர், கும்மிடிப்பூண்டித் தொழிற்பகுதிகளில் வாழும் கிறித்தவத் தொழிலாளர் இச்சொல்லை ஆலயத்திலும் ஆலையிலும் கேட்பவர். 1946-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி வகுக்கப்பட்ட மாதிரி நிலையாணைகள், மேலோரின் ஆணைக்கு வேண்டுமென்றே கீழ்ப்படியாமையை ஒழுங்கீனங்களுள் முதலாவதாக வைத்தன. அங்கும், ஆணை சட்டத்திற்கும் நியாயத்திற்கும் உட்பட்டதாக இருத்தல் வேண்டும் என்னும் வரையறை இருந்தது. மனிதர் வகுத்த விதியே ஆணையின் தகுதியை ஆராய இடந்தருமாயின், இறைமுன் பணிதலை வாய்மூடி அடங்குதலாகக் கொள்வது திருமறைக்கு இழுக்கன்றோ?

எனவே, கீழ்ப்படிதலைத் திருப்புதலினின்று நீக்குக என்பது நம் கருத்தன்று. அதிகாரத்திற்கு அடங்குதலைக் கூறுமிடத்து அது நிற்க. இறைவன் குரலுக்கு இசைதலைக் கூறுமிடத்துச் செவிகொடுத்தல், சொற்கேட்டல் என்பன வருதல் தகும். பொருள் கொள்வோரேனும் இவ்வேறுபாட்டை உளங்கொண்டு பயிலின், அச்சத்தால் அடங்குவோனையும் அன்பால் கேட்போனையும் திருமறை ஒருவராக எண்ணவில்லை என்பது இனிது விளங்கும்.