சூப்பர்ஹெவி: கூடியும் கூடாத இசை

2009இல் ஏ.ஆர். ரஹ்மான் இரண்டு ஆஸ்கர் வென்ற கையோடு, ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் மிக் ஜாகர், டேவ் ஸ்டூவர்ட், ஜாஸ் ஸ்டோன், டேமியன் மார்லி ஆகியோரின் 'சூப்பர்ஹெவி' ராக் குழுவில் ஐந்தாமவராகச் சேர்ந்தார். 2011 செப்டம்பரில் 'சூப்பர்ஹெவி' இசைத்தொகுப்பு வெளியானபோது, இந்த ஐவரும் சேர்ந்தால் இதுவரை கேட்காத இசை பிறக்கும் என்று நம்பிக் காத்திருந்தவர்கள் பலர். அந்த நம்பிக்கை பெரும்பாலும் பொய்த்தது. ஜமைக்காவில் தன் வீட்டருகே பல ஒலிபெருக்கிகள் ஒரே நேரத்தில் வெவ்வேறு பாட்டுகளை முழங்கக் கேட்டதில்தான் ஸ்டூவர்ட்டுக்கு இப்படியொரு குழுவை அமைக்கும் எண்ணம் உதித்தது. சித்திரைத் திருவிழா இரவில் வைகைக் கரையில் நிற்பவருக்கு அந்த முழக்கம் பழக்கமானது. கேட்கக் கிளர்ச்சிதான், ஆனால் அதைப் பாட்டாக்க இன்னொரு உழைப்பு வேண்டும்.

அந்த உழைப்பு 'சத்யமேவ ஜெயதே'யில் இருக்கிறது. ஜாகர் சமஸ்கிருதம் பாடுகிறார். அவருடைய முரட்டுக் குரலும் ரஹ்மானின் மெட்டும் ஒன்றையொன்று மாற்றுகின்றன. தொகுப்பின் மிகச் சிறந்த பாடல் அதுதான். 'மிராக்கிள் வொர்க்கர்' போன்றவற்றில் ரெகே தாளம் ஓட, ஒவ்வொருவரும் முறை வைத்து வந்து தம் பங்கைப் பாடிவிட்டு விலகுகிறார்கள். ரஹ்மானைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

மரபுகள் வேறானதால்தான் ஒட்டவில்லை என்று சொல்லலாம். ஜான் மெக்லாஃப்லினும் ஜாகிர் உசேனும் விக்கு விநாயகராமும் எல். சங்கரும் சேர்ந்த 'சக்தி' குழு அதை மறுக்கிறது. அவர்களின் முதல் தொகுப்பே 1975இல் மேடையில் பதிவானது. மதுரை சேதுராமன் - பொன்னுசாமி சகோதரர்களின் இரண்டு நாதஸ்வரங்கள் ஒரே மூச்சாகக் கேட்டதும் சேர்ந்து வாசித்து வாசித்து வந்த பலன்தான். ஸ்டுடியோவில் தனித்தனியே பதிந்தும் ரஹ்மான் மகத்தான பாடல்கள் தரவில்லையா என்றால், தந்தார். அங்கே முடிவெடுப்பவர் அவர் ஒருவரே. 1986இல் 'மெல்லத் திறந்தது கதவு' படத்துக்கு இரு மேதைகள் இணைந்தபோதும் எம்.எஸ். விஸ்வநாதன் மெட்டமைக்க, இளையராஜா வாத்திய இசை சேர்த்தார். யார் எதைத் தாங்குவது என்பதில் தெளிவு இருந்தது. சூப்பர்ஹெவிக்கு அந்தத் தெளிவும் இல்லை, மேடைப் பழக்கமும் இல்லை. ஐந்து பேரின் தாராளமும் மரியாதையும் அதில் கேட்கின்றன. அவற்றை நான் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் ஒருவர் மெட்டை இன்னொருவர் வெட்டித் திருத்தும் துணிவு அபூர்வமாகவே கேட்கிறது. இசைப் பயணமாக ஊர் ஊராகச் செல்லாமலும் இரண்டாம் தொகுப்பு தராமலும் அந்தக் குழு ஓய்ந்துபோனது.