பேய் பேசும் மொழி

அச்சம் எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்று. அஃது அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்னும் நான்கின்வழிப் பிறக்கும் என்று தொல்காப்பியர் வகுத்தார். இந்நான்கனுள் விலங்கும் கள்வரும் இறையும் இலக்கியத்தில் பெற்ற இடம் பற்றி ஆய்ந்தோர் பலர். அணங்கின் வகையாய பேய் இன்று மிகுதியாக வாழும் இடம் ஏடன்று, திரை. ஆயினும் திரைப்பேயைத் தமிழ்த்துறையினர் தம் ஆய்வுக்கு உரிய பொருளாகக் கொள்ளத் தயங்குகின்றனர். இத்தயக்கம் எனக்கும் இருந்தது. அதனைப் போக்கியது ஒரு வினா-விடைப் போட்டி.

மேலைநாட்டார் அக்டோபர்த் திங்கள் 31ஆம் நாளை, அனைத்துத் தூயோர் திருநாளின் முன்மாலை எனக் கொண்டு, பேயுருப் புனைந்து ஆடிப்பாடுவர். ஹாலோவீன் எனப்படும் அவ்விழா நம் ஐப்பசியில் வருவது. விருதுநகர்ப் பகுதியில் ஐப்பசி என்றால் சிவகாசி வெடியும் தீபாவளிப் புதுப்படமுமே நினைவுக்கு வரும். எனினும் என் முதுகலை மாணவர் அவ்விழாவை ஒட்டிப் பழைய பேய்ப்படங்கள் பற்றிய வினாக்கள் சிலவற்றைத் தொகுத்துத் தருமாறு கேட்டனர். தொகுக்கப் புகுந்தபோது, வேடிக்கைக்கெனச் சேர்த்த துணுக்குகள் பல ஒரே திசையைச் சுட்டக் கண்டேன். அத்திசை பேயின் பேச்சு.

முதலில் அயல்நாட்டுச் சான்றுகள் இரண்டு. மேரி ஷெல்லி 1818இல் வெளியிட்ட 'ஃபிராங்கன்ஸ்டைன்' என்னும் புதினத்தில் படைக்கப்பட்ட உயிர் நாவன்மை மிக்கது. மில்டனின் காப்பியத்தைக் கற்றுத் தன் படைப்பாளனோடு வழக்காடுவது. 1931இல் வந்த திரைப்படத்தில் போரிஸ் கார்லாஃப் ஏற்ற அவ்வேடத்திற்குப் பேச்சே இல்லை, உறுமல் மட்டுமே. படத்தின் தொடக்கப் பெயர்ப்பட்டியலில் நடிகர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு வினாக்குறியே இட்டனர். நாவும் பெயரும் ஒருங்கே பறிக்கப்பட்டன. அதே ஆண்டில் வந்த 'டிராகுலா'வில் நிலைமை வேறு. இங்குப் பேய் பேசுகிறது. ஆனால் அயலான் குரலில் பேசுகிறது. அவ்வேடம் ஏற்ற பேலா லுகோசி அங்கேரி நாட்டிலிருந்து சென்றவர். அவர்தம் ஆங்கில ஒலிப்பின் அயன்மையே அச்சத்திற்குக் கருவியாயிற்று. ஊமையாக்குதல், அயலாக்குதல் என்னும் இவ்விரண்டும் திரை பேய்க்குச் செய்த தீங்குகள் எனக் கொள்ளலாம்.

நம் பழம்பேய்கள் இத்தகையன அல்ல. காரைக்காலம்மையார் தம்மைப் பேய் என்றே பாடலுட் சுட்டிக்கொண்டவர். தமிழின் தொன்மையான அந்தாதிகளுள் ஒன்று அப்பேயின் வாக்கு. கலிங்கத்துப்பரணியில் குலோத்துங்கனின் வெற்றியை நமக்குச் சொல்பவர் யார்? புலவர் அல்லர், அமைச்சரும் அல்லர். 'காளிக்குக் கூளி கூறியது' என ஒரு பகுதிக்கே பெயர் அமைந்துள்ளது. சோழப் பேரரசின் போர்வரலாறு பேயின் நாவில் வைத்துப் பாடப்பெற்றது. கூழ் அடும் பகுதியில் குருட்டுப் பேயும் ஊமைப் பேயும் கூடப் பந்தியில் இடம் பெறுகின்றன. சயங்கொண்டார் ஊமைப் பேயைத் தனியே எண்ணிக் கூறியதிலிருந்தே ஏனையவை பேசுந்திறம் உடையன என்பது பெறப்படும்.

பழையனூர் நீலியின் கதை இன்னும் நெருங்கிய சான்று. கணவனால் கொலையுண்டவள் பேயாகி, மறுபிறவியில் வணிகனாய் வந்த அவனைத் தொடர்ந்து, கள்ளிக்கொம்பைக் குழவியாக்கி இடுப்பில் ஏந்தி, வேளாளர் அவையில் தன் வழக்கை எடுத்துரைக்கிறாள். அவள் வெல்வது கோரப்பல்லால் அன்று, சொல்லால். அவையோர் எழுபதின்மர் தாம் தந்த உறுதிமொழி பிழைத்தமையால் தீயிற் பாய்ந்தனர் என்பது மரபு. அம்மையார் ஆடல் கண்ட திருவாலங்காட்டை அடுத்ததே பழையனூர். தமிழ்ப்பேயின் இரு பெரும் குரல்களும் ஒரு நிலத்தினின்று எழுந்தன என்பது வியப்பிற்குரியது.

இனித் திரைக்கு வருவோம். 1963இல் ஸ்ரீதர் இயக்கிய 'நெஞ்சம் மறப்பதில்லை' மறுபிறவிக் கதை. அதன் ஒளிப்பதிவாளர் ஏ. வின்சென்ட் மறு ஆண்டே மலையாளத்தில் வைக்கம் முகம்மது பஷீரின் கதையைப் 'பார்கவி நிலையம்' என இயக்கினார். 1966இன் 'யார் நீ' இந்தியினின்று வந்தது; 1978இன் 'ஆயிரம் ஜென்மங்கள்' மலையாளத்தினின்று வந்தது. இவற்றை விரிக்க ஈண்டு இடமில்லை. தமிழ்த்திரை பேயை அண்டை வீட்டிலிருந்தே பெரும்பாலும் இரவல் பெற்றது என்பதற்கு இவை போதும்.

இரவலில் நேர்ந்த மாற்றம் ஒன்று நம் கருத்துக்கு உரியது. 1993இல் ஃபாசில் இயக்கிய 'மணிச்சித்திரத்தாழ்' என்னும் மலையாளப் படத்தில் கங்கை என்பாளைப் பற்றும் நாகவல்லி தஞ்சையிலிருந்து கொணரப்பட்ட ஆடல்மகள். அவள் பேசுவது தமிழ். ஷோபனா இருநிலையும் நடித்தார். ஆயின் கங்கைக்குப் பாக்கியலட்சுமியும் நாகவல்லிக்குத் துர்காவும் குரல் கொடுத்தனர். ஓர் உடற்கு இரு நா. அம்மாளிகைக் காட்சிகளுள் சில எடுக்கப்பட்ட பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டு எல்லைக்குள் இருந்து கேரள அரசின் பொறுப்பில் உள்ளது என்பதும் ஒரு சுவையான பொருத்தமே. இக்கதையைப் பி. வாசு 2004இல் கன்னடத்தில் 'ஆப்தமித்ர' எனவும், 2005இல் தமிழில் 'சந்திரமுகி' எனவும் ஆக்கினார். கன்னடப் பேயும் தமிழ்ப்பேயும் பாடுவது தெலுங்கு. 2007இல் பிரியதர்ஷன் இந்தியில் ஆக்கிய 'பூல் புலையா'வில் ஆடல்மகள் வங்கத்தாள். கதை ஒன்றே, எம்மொழியில் எடுக்கப்பட்டதோ அம்மொழியைப் பேய் பேசுவதில்லை. மலையாளிக்குத் தமிழ் பேயின் மொழி. தமிழர்க்குத் தெலுங்கு பேயின் மொழி.

இதனை யான் போட்டியில் ஒரு வினாவாகவே வைத்தேன். விடை உடனே வந்தது. அதனுடன் ஒரு மாணவி எழுந்து, "ஐயா, எங்கள் அவ்வா என்னை உறங்க வைத்த மொழி அது. வகுப்பில் சிலர் அந்தப் பாட்டைப் பாடி என்னை அச்சுறுத்துவது போல் நடிப்பர்," என்றார். சிரிப்பு எழுந்து அடங்கியது. சாத்தூரும் சிவகாசியும் அருப்புக்கோட்டையும் சூழ்ந்த இக்கரிசல் மண்ணில் வீட்டில் தெலுங்கும் வெளியில் தமிழும் பேசுவோர் பல்லாயிரவர். கரிசல் வழக்கைத் தமிழ் உரைநடைக்குத் தந்த கி. ராஜநாராயணன் அத்தகைய குடியில் தோன்றியவரே. பிற இடத்தில் வெறுந்துணுக்காய் நிற்கும் செய்தி இம்மண்ணில் வேறு பொருள் பெறுகின்றது. அயன்மை கருவியாகும்போது அயலார் யார் என்னும் வினா எழாமற் போகாது.

'சந்திரமுகி'யின் குறை இது மட்டுமன்று. அப்பெண் வேட்டையன் என்னும் மன்னனால் உயிரோடு எரிக்கப்பட்டவள். அவள் கேட்பது நீலி கேட்டதே. தன்னைக் கொன்றவனுக்குத் தண்டனை. நீலிக்கு அவை இருந்தது. சந்திரமுகிக்கு வாய்த்தவர் உளநோய் மருத்துவர். அவள் முறையீடு கங்கையின் நோய்க்குறியாகக் கொள்ளப்படுகிறது. இறுதியில் வேட்டையனைப் போன்ற பொம்மை ஒன்றை எரித்துவிட்டு அவளை நம்பவைத்து அனுப்பிவிடுகின்றனர். வழக்கு கேட்கப்பட்டது, தீர்ப்போ நாடகம். பேய் இல்லை என்னும் அறிவுநெறியை யான் குறைகூறவில்லை. மணிமேகலையிலேயே அது உண்டு: சுடுகாட்டில் பேயாடக் கண்டு அஞ்சி உயிர்விட்ட சார்ங்கலனின் தாய் கோதமை முறையிட, பேய் உயிர் கவர்வதில்லை, சிறுவனின் பேதைமையைப் பற்றுக்கோடாகக் கொண்டு ஊழ்வினையே கவர்ந்தது என்கிறாள் சம்பாபதி. ஆனால் சாத்தனார் அத்தாயின் குரலை முழுதும் கேட்ட பின்னரே அவ்விடையைத் தருகிறார். பொம்மை காட்டி ஏமாற்றவில்லை.

ஜோதிகாவின் நடிப்பும் ஆடலும் இக்குறையைப் பெரிதும் மறைக்கின்றன என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். 1978இல் ஜான் கார்ப்பென்டர் எடுத்த 'ஹாலோவீன்' படத்தில் கொலைஞன் அணிந்தது, கடையில் வாங்கிய ஒரு நடிகர் முகமூடிக்கு வெண்சாயம் பூசியது. மெய்ப்பாடற்ற அம்முகமே அச்சம் விளைத்தது. நம் மரபோ மாறானது. திருமுருகாற்றுப்படையின் பேய்மகள் துணங்கை ஆடுகிறாள், சந்திரமுகியும் ஆடுகிறாள். தமிழ்ப்பேய் கண்ணாலும் காலாலும் அச்சுறுத்துவது. இவ்வொரு கூறில் அப்படம் தொன்மரபோடு தொடர்பு உடையது.

தீ பற்றியும் ஒன்று கூறவேண்டும். இப்பகுதியில் எரிந்து மாள்வது கதைப்பொருள் அன்று. 2012 செப்டம்பர் 5இல் முதலிப்பட்டி வெடியாலையில் முப்பதின்மருக்கு மேற்பட்டோர் இறந்தனர். அதற்கு முன்னும் பின்னும் நேர்ந்தவை பல. வகுப்பில் சந்திரமுகி எரிக்கப்படும் காட்சியைப் பற்றிப் பேசியபோது எவரும் சிரிக்கவில்லை. தென்பாண்டி நாட்டார் வழக்கில் தீயில் மாண்ட பெண் பேயாக நிற்பதில்லை. தீப்பாய்ந்த அம்மன் எனவும் சீலைக்காரி எனவும் வீட்டுத்தெய்வம் ஆகிறாள். அவளுக்குப் புடைவை எடுத்துப் பெட்டியில் வைத்து வழிபடுவர். தெலுங்கு பேசும் வீடுகளில் அவள் வழிபாட்டு மொழியும் தெலுங்கே. திரை பேயாக்கிய பெண்ணை வீடு தெய்வமாக்கி வைத்திருக்கிறது. இவ்விரண்டையும் ஒருங்கு வைத்து ஆயும் பணி நம் முதுகலை மாணவர்க்கு உரியது. அவர்தம் வீட்டுப் பெட்டிகளிலேயே அதற்குச் சான்று உண்டு.

போட்டி முடிந்தபின் அம்மாணவி மற்றொன்றும் கூறினார். அவர் அவ்வா அப்படத்தைத் தொலைக்காட்சியில் கண்டபோது அஞ்சவில்லையாம். 'ரா ரா' என்னும் பாட்டு வந்ததும், தன் காதலனை அழைக்கும் பெண்ணின் ஏக்கம் அது என்று அடியடியாகப் பொருள் கூறிக்கொண்டே பேத்திக்குத் தலைவாரிவிட்டாராம்.