1843இன் ஐந்தாம் சட்டமும் சூளை முன்பணமும்

இந்த ஆள் யாருக்குச் சொந்தம் என்ற வழக்கை நம் நீதிமன்றங்கள் ஒரு காலத்தில் நிலத் தகராறு போலவே விசாரித்தன. இன்றைய திருவள்ளூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி அடங்கிய பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில், படியாட்கள் எனப்பட்ட பண்ணை அடிமைகளையும் மிராசு என்ற தங்கள் பரம்பரை நில உரிமையில் சேர்த்தே மிராசுதாரர்கள் பேசினார்கள்.

1843இன் ஐந்தாம் சட்டம் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. நான்கே பிரிவுகள். வரிப் பாக்கிக்காக அதிகாரி ஆளை விற்கக் கூடாது. அடிமை மீது கோரும் உரிமையை எந்த நீதிமன்றமும் நிலைநாட்டாது. அடிமை என்று சொல்லி ஒருவர் தேடிய சொத்தைப் பறிக்க முடியாது. மற்றவருக்குச் செய்தால் குற்றமாவது அடிமைக்குச் செய்தாலும் குற்றமே. இதன் வலிமை பெரிது. பத்திரம் செல்லுமா, பரம்பரைப் பாத்தியதை உண்டா என்ற ஆராய்ச்சிக்கே இடமில்லாமல் போனது.

ஆனால் ஒருவரை அடிமையாக வைத்திருப்பதை அது குற்றமாக்கவில்லை. அதற்கு 1860இன் தண்டனைச் சட்டம் வரவேண்டியிருந்தது. 1843இன் சட்டம் குடியிருக்க ஒரு மனைகூடத் தரவில்லை. அரை நூற்றாண்டு கழிந்தும், படியாட்களாக உழைத்த தலித் மக்களின் குடிமனை மிராசுதாரர் தயவில் இருந்ததை 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமன்ஹீர் அரசுக்கு எழுதினார்.

அதைவிடப் பெரிய ஓட்டை முன்பணம். 1859இன் பதிமூன்றாம் சட்டப்படி, முன்பணம் வாங்கியவர் வேலையை விட்டால் முதலாளி மாஜிஸ்திரேட்டிடம் புகார் தரலாம்; உத்தரவுக்குப் பணியாதவருக்கு மூன்று மாதம் வரை சிறை. 1925இல்தான் அது நீக்கப்பட்டது. ஆள் மீது கோர முடியாத உரிமையை, அவர் வாங்கிய பணத்தின் பெயரால் கோர முடிந்தது. 1843இன் ஆகப் பெரிய தோல்வி இதுதான் என்பேன்.

1976இன் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம்தான் ஆளைக் கட்டிப்போடும் அந்த முன்பணக் கடனையே ரத்து செய்தது. அது கொத்தடிமைக் கடன் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பும் கொடுத்தவர் தலையில் விழுந்தது. செங்குன்றம் அரிசி ஆலைகளிலிருந்து மீண்ட இருளர்களுக்கும், செங்கல் சூளைகளிலிருந்து மீண்ட ஒடிசா குடும்பங்களுக்கும் வருவாய்க் கோட்ட அலுவலகம் தரும் விடுவிப்புச் சான்றிதழ் இந்தச் சட்டத்தின் உண்மையான சாதனை. ஆனால் 2016இன் மத்திய மறுவாழ்வுத் திட்டம், உடனடி உதவி போக, ஆணுக்கு 1 லட்சம் ரூபாய், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம் ரூபாய் என்ற பெரிய தொகையை முதலாளி தண்டிக்கப்படுவதோடு முடிச்சுப் போட்டது. ஒடிசா திரும்பியவர் ஒவ்வொரு வாய்தாவுக்கும் எப்படி ரயிலேறுவார்? வழக்கு இழுக்கும் வரை வீட்டில் அடுப்பெரிய வேண்டும். அடுத்த சூளைப் பருவத்துக்கு ஆள் சேர்க்கும் மேஸ்திரி மறுபடி முன்பணத்தோடு வருகிறார். சான்றிதழையே போதுமான ஆதாரமாகக் கொண்டு முழுத் தொகையையும் அப்போதே தந்துவிட வேண்டும். முதலாளி மீதான வழக்கு தனியே நடக்கட்டும்.