நெப்போலியன் எங்கே போனார்?

2023 அக்டோபரில் 'லியோ' பார்த்துக்கொண்டிருந்தேன். இமாச்சலத்தின் தியோக் மலையூரில் நாயகன் பார்த்திபனின் குடும்பத்துக்குக் காவலாக ஒரு கான்ஸ்டபிள் வந்து நின்றதும் அரங்கமே விசிலடித்தது. வந்தவர் ஜார்ஜ் மரியான். பாத்திரத்தின் பெயர் நெப்போலியன். 2019 தீபாவளிக்கு வந்த 'கைதி'யில், வேலைக்குச் சேர வந்த அன்றைக்கே திருச்சி கமிஷனர் அலுவலகத்தில் தனியாளாக மாட்டிக்கொண்டு, அங்கே பிடித்து வைத்திருந்த சில கல்லூரி மாணவர்களைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு, விடியும்வரை கதவைக் காத்தவர் அவர்தான். என் பக்கத்து இருக்கையில் இருந்த பள்ளிக்கூடப் பையன் அப்பாவின் கையைப் பிடித்து உலுக்கி, "இவர் நல்லாத்தாம்ப்பா இருக்காரு!" என்றான். நான்கு வருடமாக மனதில் வைத்திருந்த கவலை தீர்ந்ததுபோல் இருந்தது அவன் குரல்.

தமிழில் வந்த இரண்டாம் பாகங்களை எல்லாம் அந்தப் பையனின் காதோடு ஒருமுறை கேட்டுப் பார்க்கத் தோன்றியது. நாயகன் எப்படியும் திரும்பி வருவான், அவன் பெயரில்தான் வியாபாரம். அவனைச் சுற்றி இருந்தவர்கள் என்ன ஆனார்கள்? அவர்களைப் படம் ஞாபகம் வைத்திருக்கிறதா?

தொடர்கதை நமக்குப் புதிதில்லை. 'பொன்னியின் செல்வ'னை 1950 முதல் 1954 வரை வாரா வாரம் காத்திருந்து படித்த குடும்பங்கள் இங்கே உண்டு. தமிழ்வாணனின் சங்கர்லால், சுஜாதாவின் கணேஷ் - வசந்த், ராஜேஷ்குமாரின் விவேக் - ரூபலா என்று நாவலுக்கு நாவல் கூடவே வந்த மனிதர்கள் எத்தனை பேர்! இத்தனை இருந்தும் நம் சினிமா வெகுகாலம் தொடர்கதைப் பக்கம் போகவில்லை. காரணம், நட்சத்திரமே தொடராக இருந்தார். 'படகோட்டி' (1964), 'விவசாயி' (1967), 'ரிக்‌ஷாக்காரன்' (1971) மூன்றிலும் தொழில் மாறியது, ஊர் மாறியது, எம்.ஜி.ஆர். என்ற அந்த ஒரே நல்லவர் படத்துக்குப் படம் நடந்து வந்துகொண்டிருந்தார். ரஜினிக்கும் அப்படித்தான். தலைப்புக்குப் பின்னால் எண் போட வேண்டிய தேவையே எழவில்லை.

தமிழின் முதல் இரண்டாம் பாகம் என்று பொதுவாகச் சொல்லப்படுவது 'ஜப்பானில் கல்யாணராமன்' (1985). 1979-இல் ஜி.என். ரங்கராஜன் இயக்கிய 'கல்யாணராமன்' படத்தில் இறந்துபோன கல்யாணத்தின் ஆவி, ஆறு வருடம் கழித்துத் தம்பிக்காக எஸ்.பி. முத்துராமன் படத்தில் திரும்பி வந்தது. அந்த வருடம் சுகுபா நகரில் நடந்த உலகக் கண்காட்சியிலேயே படப்பிடிப்பு. எத்துப்பல்லும் வெள்ளை மனசும் மாறாத அந்த அண்ணனைப் பார்க்க இன்றைக்கும் எனக்குப் பிடிக்கும். ஆனால் வழி ஏதும் திறக்கவில்லை. அடுத்த இரண்டாம் பாகங்கள் வரிசை கட்டி வந்தது 2010-க்குப் பிறகுதான்.

அந்த வரிசையில் ஹரியின் 'சிங்கம்' படங்களுக்கு உரிய மரியாதை கிடைக்கவில்லை என்பது என் கருத்து. 2010-இல் வந்த முதல் படத்தின் கடைசியிலேயே, வேலையை விட்டதாக ஊருக்குக் காட்டிக்கொண்டு ரகசியமாக வேலை செய் என்று போலீஸ் நாயகன் துரைசிங்கத்திடம் சொல்லிவிடுகிறார்கள். 2013-இல் அடுத்த பாகம் திறக்கும்போது அவர் தூத்துக்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் என்.சி.சி. வாத்தியார். விட்ட இடத்தில் பிடித்த கதை. லாரன்ஸின் 'காஞ்சனா' வரிசையோ ஒவ்வொரு முறையும் சிலேட்டை அழித்துவிட்டு எழுதும். பேயோடு ஒரே வீட்டில் குடியிருந்து மீண்டவன், அடுத்த படத்தில் இருட்டைப் பார்த்து மறுபடியும் முதலிலிருந்து நடுங்குவான். அவன் தாவி ஏறிக்கொள்ள அம்மா கோவை சரளாவின் இடுப்பு அதற்கென்றே காத்திருக்கும். குழந்தைகளோடு போய்ச் சிரித்துவிட்டு வரலாம், அதில் எனக்குக் குறையில்லை. தொடர்ச்சி என்று அதைச் சொல்ல முடியாது. 'அரண்மனை'யும் அதே ரகம். 'பொன்னியின் செல்வன்', 'விடுதலை' இரண்டும் ஒரே கதையை இரண்டாகப் பிரித்தவை என்பதால் இந்தக் கணக்கில் வராது.

மனசு வலித்தது ஷங்கரின் இரண்டு படங்களில்தான். 'எந்திர'னில் சிட்டி என்ற இயந்திரம் கெட்டதே நாயகி சனாவின் மேல் வந்த காதலால். எட்டு வருடம் கழித்து '2.0' வந்தபோது அந்தச் சனா தொலைபேசியில் கேட்கும் ஒரு குரலாக மட்டும் மிஞ்சியிருந்தாள். 2024 ஜூலையில் வந்த 'இந்தியன் 2' இன்னும் பெரிய இழப்பு. 1996-இன் முதல் 'இந்தியன்' படத்தில் சேனாபதி தப்பித்து வெளிநாடு போய், கடைசிக் காட்சியில் போன் செய்தது யாருக்கு? தன்னைத் துரத்திய சி.பி.ஐ. அதிகாரி கிருஷ்ணசாமிக்கு. அந்தப் போனை வைத்த நிமிடத்திலிருந்து இருபத்தெட்டு வருடம் அந்த அதிகாரி எப்படித் தூங்கியிருப்பார்? இரண்டாம் பாகத்தில் அவர் வருகிறார், அவர் மகனும் சி.பி.ஐ. அதிகாரியாக வருகிறார். அப்பாவின் தோல்வி மகனுக்குச் சொத்தாக வந்திருக்கிறது என்றால் அது ஒரு முழுப் படத்துக்கான கதை. அதை ஓரமாக வைத்துவிட்டு, படம் வேறு நூறு ஊழல்களைப் பட்டியல் போடப் போய்விட்டது. கிருஷ்ணசாமியாக நடித்த நெடுமுடி வேணு 2021-இலேயே காலமாகிவிட்டார். தொழில்நுட்பத்தின் துணையோடு மீட்ட அந்த முகத்தைத் திரையில் பார்த்தபோது, இவருக்கு இன்னும் நாலு காட்சி கொடுத்திருக்கக் கூடாதா என்று தொண்டை அடைத்தது.

'கைதி', 'லியோ' இரண்டையும் இயக்கிய லோகேஷ் கனகராஜை நான் கொண்டாடுவதன் காரணம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. 2022-இல் அவர் எடுத்த 'விக்ரம்', 1986-இல் சுஜாதா எழுதிய 'விக்ர'மின் பெயரையும் உளவாளியையும் எடுத்துக்கொண்டது. முப்பத்தாறு வருடம் முன்பு கேட்ட அந்தத் தலைப்புப் பாட்டு மறுபடி ஒலித்தபோது என் வயதுக்காரர்கள் சிலிர்த்தோம். அதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது, 'கைதி'யின் போலீஸ் அதிகாரி பிஜோய் அதில் வந்ததும், 'கைதி'யில் பிடிபட்ட போதைச் சரக்கின் கணக்கு அதிலும் தீராமல் தொடர்ந்ததும். ஒரு படத்தில் நடந்தது அடுத்த படத்தில் நடந்ததாகவே இருக்கிறது. நெப்போலியன் மாற்றலாகிப் போகிறார், செத்தவர்கள் செத்தவர்களாகவே இருக்கிறார்கள். 'லியோ'வின் பின்பாதி எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் அந்த உலகத்தின் முகவரி மாறவில்லை என்ற நம்பிக்கை கெடவில்லை.

இந்த நம்பிக்கைதான் நம்மைச் செய்திகளுக்கு அடிமையாக்கியும் விடுகிறது. 2021 பிப்ரவரியில் சேப்பாக்கம் டெஸ்டில் எல்லைக்கோட்டருகே நின்ற இங்கிலாந்து வீரர் மொயின் அலியிடம் அஜித்தின் 'வலிமை' படத்துக்கு அப்டேட் கேட்டார்கள். அஜித்தே அறிக்கை விட்டு ரசிகர்களைக் கண்ணியம் காக்கச் சொல்ல வேண்டியதாயிற்று. அந்தச் செய்தியைப் படித்து வெட்கப்பட்டவன் நான். அறிவிப்பு, தேதி, முதல் பார்வை என்று தின்றுகொண்டே இருந்தால் படம் வரும்போது பசி இருக்காது.

ஆனால் 'வடசென்னை' இரண்டாம் பாகம் எப்போது என்று வெற்றிமாறனை மேடைக்கு மேடை கேட்கிறவர்களை என்னால் குறை சொல்ல முடியவில்லை. 2018-இல் அந்தப் படம் தொடங்குவதே ஒரு கொலை முடிந்த பிறகு. ஒரு சின்ன உணவகம், மேசையைச் சுற்றி நாலு பேர், நடுவில் ரத்தம் காயாத ஆயுதம். செத்தவர் யார் என்று நமக்குத் தெரியாது. பாதிப் படம் கடந்த பிறகுதான் அது ராஜன் என்று தெரிகிறது. அவர் மனைவி சந்திராவின் பழி பாதிதான் தீர்ந்தது என்பது முடிவில் தெரிகிறது. நாயகன் அன்பு தலைவனாவானா மாட்டானா என்பதைவிட, சந்திரா மீதியை எப்படிச் சுமந்திருப்பாள் என்பதே எனக்கு இத்தனை வருடமாகத் தீராத கேள்வி.

'கைதி 2' வரும் என்கிறார்கள். நாயகன் டில்லியின் சண்டைகளுக்காகக் காத்திருப்பவர்கள் நிறையப் பேர். எனக்கு அவர் மகள் அமுதாவைப் பார்க்க வேண்டும். ஆசிரமத்தில் வளர்ந்து, அப்பா என்று ஒருவரை முதன்முதலாகக் கண்ட அந்தக் குழந்தை இப்போது பெரிய பெண்ணாகியிருப்பாள். இரவெல்லாம் மடியில் வைத்துக் காத்து அவர் கொண்டுவந்து கொடுத்த கம்மல், இன்னும் அவள் காதில் இருக்க வேண்டும்.